காற்று விட்டுவைத்ததை வட்டி கொண்டுபோகிறது!

"புயல் என்றால் அது கடற்கரைக்காரன் கவலை. மூன்று மலைகளுக்கு நடுவே குடியிருக்கும் நமக்கென்ன வந்தது?" செஞ்சிக் கடைத்தெருவில் இன்னமும் இப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் புயல் எச்சரிக்கை ஓடினால் சேனலை மாற்றிவிட்டுக் கல்லாப்பெட்டியைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

2024 நவம்பர் 30ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால் பரவாயில்லை. கரையேறிய இடத்திலேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது. நம் பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 50 சென்டிமீட்டர் என்றால் என்ன? வியாபாரிகளே, உங்கள் கணக்கிலேயே சொல்கிறோம். ஒரு ஏக்கர் நிலத்தின் மீது 20 லட்சம் லிட்டர் தண்ணீர். 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் கொண்டுவந்து கொட்டினால் 170 லாரி, ஒரே ஒரு ஏக்கருக்கு! செஞ்சி மலைப் பகுதியில் பிறந்து வீடூர் அணை வழியே புதுச்சேரிக்குப் போகும் நமது சங்கராபரணி, அந்த நாட்களில் எப்படிப் போனது என்று ஆற்றோரத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். கடல் நம்மிடமிருந்து சாலை வழியே 60 கிலோமீட்டருக்கு மேல் என்று மார்தட்டினோம். கடல் வரவில்லை, மேகம் வந்தது! திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் இறங்கி ஒரே வீட்டில் ஏழு உயிர்கள் புதைந்தன. அங்கே எந்தக் கடல் இருக்கிறது?

இதே பாடத்தை 2025 நவம்பர் இறுதியில் இலங்கைத் தீவு இன்னும் கொடுமையாகப் படித்தது. டிட்வா புயலில் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அலையடித்துப் போனதைவிட மலையகத்தில் மண் சரிந்தும் வெள்ளம் புகுந்தும் போனவர்கள்தான் அதிகம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் படுத்திருந்தவனுக்குக் கடல் கண்ணுக்கு எட்டாத தூரம். ஆனால் எமன் எட்டிவிட்டான்.

ஆகவே புயலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் தீவுகளைப் பாருங்கள். ஓட இடமில்லாதவன் மீது புயல் என்னவெல்லாம் செய்யும் என்பது தீவில்தான் அம்பலமாகத் தெரியும். முதலில் காற்று என்ன செய்கிறது, பிறகு தண்ணீர் என்ன செய்கிறது, எல்லாம் ஓய்ந்த பிறகு மனிதன் என்ன செய்கிறான்! மூன்றாவதைத்தான் நாம் பேசுவதே இல்லை.

லட்சத்தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் வாழும் தீவுகள் பத்து. 2011 கணக்குப்படி மொத்த மக்கள் 64 ஆயிரத்துச் சொச்சம், ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மலை கிடையாது, குன்று கிடையாது. பவளப்பாறை உடைந்து மணலாகி, அந்த மணல் கடலுக்கு மேலே சில மீட்டர் தலைநீட்டியதுதான் தீவு. புயல் வரும்போது "மேட்டுக்குப் போங்கள்" என்று யாரிடம் சொல்வீர்கள்? மேடு எங்கே இருக்கிறது?

அங்கே காற்று முதலில் தென்னையை முறிக்கிறது. தென்னைதான் அவர்களுக்கு விளைச்சல், விறகு, கூரை, சீதனம் எல்லாமே. முறிந்த தென்னைக்குப் பதிலாகக் கன்று நட்டால் காய்க்க ஆண்டுகள் ஆகும். காற்று கொஞ்சம் ஓய்ந்ததும் வெளியே வருகிறவன் ஏமாந்து போகிறான். அது ஓய்வல்ல, புயலின் கண். அரை மணியோ ஒரு மணியோ கழித்து எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட சுவர் இரண்டாவது காற்றில் விழும். அடுத்தது கடல். அலை பவளத்திட்டைத் தாண்டி உள்ளே குவிந்தால் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்குகிறது. பவளத்தீவில் குடிநீர் எங்கே இருக்கிறது தெரியுமா? மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மீது எண்ணெய்போல மிதந்துகொண்டிருக்கிறது. அந்த மெல்லிய படலம்தான் ஒரு தீவின் உயிர். ஒரே ஒரு இரவு கடல் ஏறிவந்தால் போதும், கிணறு உப்பாகிவிடும். மறுபடி இனிப்பதற்கு மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும். படகும் உடைந்து, துறையும் சேதமாகி, கப்பலும் வராமல், சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீருக்குத் தவிக்கும் நிலை. இதெல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுப் போகிறவர்களிடம் நமக்குப் பேச்சில்லை. காற்று அவன் நாட்டம். கடன் பத்திரம் யார் நாட்டம்?

அந்தப் பத்திரத்தின் கதைக்கு வருவோம். 1847ம் ஆண்டு ஆந்த்ரோத் தீவைக் கடும் புயல் தாக்கியது. அந்தத் தீவுகள் அப்போது கண்ணூர் ஆட்சிக் குடும்பத்தின் வசம் இருந்தன. சேதத்தைப் பார்வையிடவும் நிவாரணம் வழங்கவும் கண்ணூர் ஆட்சியாளர் கப்பலேறினார். கூடவே "நானும் வருகிறேன்" என்று வலிய வந்தார் ஒரு துரை, கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ராபின்சன். தீவுக்குப் போய்ப் பார்த்தால் சேதம் மலைபோல் நிற்கிறது. ஆட்சியாளரின் கையில் இருப்பது போதவில்லை. துரை கருணையோடு முன்வந்தார். தானமாக அல்ல, கடனாக! வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டார்கள். நான்கு ஆண்டுகள் இப்படியே ஓடியது. வட்டி ஏறிக்கொண்டே போனது. "எங்கே என் பணம்?" என்று கேட்டது கம்பெனி. கொடுக்க முடியவில்லை. 1854ல் மிச்சமிருந்த தீவுகளின் நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது!

வாலிபர்களே, இதை இன்னொரு முறை படியுங்கள். பீரங்கி வெடிக்கவில்லை. போர்க்களம் இல்லை. ஒரு புயல், ஒரு கடன், அதன் மீது ஒரு வட்டி. காற்றும் கடலும் சேர்ந்து அழிக்க முடியாத தீவைக் கணக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டது. நிவாரணம் என்ற பெயரில் கொடுக்கப்பட்ட கடனாயிற்றே, அதில் கருணை இருக்கும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

இது 170 ஆண்டுப் பழங்கதை, கம்பெனிக்காரன் போய்ச் சேர்ந்துவிட்டான் என்கிறீர்களா? ஃபெஞ்சலுக்குப் பிறகு நம் மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் அட்டைக்கு 2 ஆயிரம் ரூபாய் அறிவித்தது அரசு. சேதமடைந்த குடிசைக்கு 10 ஆயிரம். மூழ்கிய நெற்பயிருக்கு எக்டேருக்கு 17 ஆயிரம், அதாவது ஏக்கருக்கு 7 ஆயிரம்கூட இல்லை. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை, கொடுத்ததற்கு நன்றி. ஆனால் இடிந்த சுவரை எழுப்ப 10 ஆயிரத்துக்கு என்ன வரும் என்று கொத்தனாரைக் கேளுங்கள். மிச்சத்துக்கு அந்தக் குடும்பம் எங்கே போகும்? நகையிருந்தால் அடகுக்கடை. நகையில்லாதவள் குழுக் கடன். குழுவும் கைவிட்டால் மீட்டர் வட்டி. வெள்ளம் வடிந்து மூன்றாம் வாரம் பைக்கில் வருகிறானே தவணைக்காரன், அவனுக்கு "மழையில் எல்லாம் போய்விட்டது" என்ற பதில் செல்லுபடியாகுமா? ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்ற பெண்களை அவள் வாசலில் உட்காரவைத்து அவமானப்படுத்தும் கொடுமை நாடறிந்ததுதானே! கடன் வசூலில் அடாவடி செய்வதைத் தடுக்க 2025ல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்றால், நிலைமை எந்த அளவுக்குப் போயிருந்தது என்று விளங்கிக்கொள்ளுங்கள். சட்டம் அடாவடியைத் தடுக்கும். கடனைத் தீர்க்குமா?

இந்த இடத்தில் நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். வட்டி ஹராம் என்று மேடையில் முழங்குகிறோம். மேடையிலிருந்து இறங்கி, புயலடித்த மறுநாள் நம்மவர் கடைகளில் சிலவற்றில் நடக்கும் வியாபாரத்தைப் போய்ப் பாருங்கள்! தார்பாய்க்கு ஒரு விலை, மெழுகுவத்திக்கு ஒரு விலை, கேன் தண்ணீருக்கு ஒரு விலை. முந்தைய நாள் என்ன விலைக்கு விற்றாய் என்று கேட்டால் "சரக்கு வரத்து இல்லை பாய்" என்கிறார். வரத்து இல்லாதது உண்மையாக இருக்கலாம். ஆனால் இன்று அவர் விற்பது போன வாரம் வாங்கிப்போட்ட சரக்கு! நனைந்து நிற்கிறவனின் அவசரத்தைக் காசாக்குவதற்கும் ராபின்சன் துரையின் கருணைக்கும் எத்தனை முழம் தூரம்? நேர்மையாக விலை வைத்து, கடன் சொன்னவருக்கும் அரிசி அளந்து கொடுத்த வியாபாரிகளும் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களை எந்தப் பத்திரிகையும் படமெடுக்கவில்லை.

படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. நிவாரண லாரி! முன்னால் ஒரு பேனர், பக்கவாட்டில் இரண்டு பேனர், அரிசி மூட்டையின் மீதும் தலைவர் படம். வாங்குகிற கிழவியின் முகம் கேமராவைப் பார்க்கும்வரை பொட்டலத்தை விடமாட்டார் கொடுக்கிறவர். எல்லா இயக்கத்திலும் இந்த நோய் இருக்கிறது, நாமும் தப்பவில்லை. மூன்று நாள் பிரியாணி, ஒரு வாரம் ரொட்டி, பத்து வீட்டுக்குப் போர்த்துவதற்கு நூறு போர்வை. பத்தாம் நாள் லாரி திரும்பிவிடும். தவணைக்காரன் வருவது அதற்குப் பிறகு.

சரி, அதிகார வர்க்கத்தை விட்டுவிட்டோமா? விடவில்லை. 1964 டிசம்பர் 22ம் தேதி இரவு தனுஷ்கோடிக்கு என்ன நடந்தது? அந்தமான் பக்கம் உருவான புயல் இலங்கையைக் கிழித்துக்கொண்டு வவுனியா வழியாகப் பாக் ஜலசந்திக்குள் இறங்கியது. ஆழமில்லாத கடல். காற்று தள்ளிவரும் தண்ணீருக்குக் கீழே இறங்க வழியில்லாததால் மேலே எழுந்து சுவராக வந்தது. இலங்கையை அடித்துவிட்டு வருகிற புயல் என்பது தெரியாத ரகசியமா? ஆனாலும் அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பயணிகள் ரயில் புறப்பட்டது! 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடியை எட்டும் முன்பே ரயிலைக் கடல் விழுங்கியது. ஒருவர் மிஞ்சவில்லை. கொழும்புக்குப் போகும் வியாபாரிகள் இறங்கி ஏறிய துறைமுக ஊர், சுங்கச்சாவடியும் தபால் நிலையமும் இருந்த ஊர், விடிந்தபோது மணல்மேடு. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு கைகழுவியது. பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள், அது சாதனைதான். ஊரை யார் சரிசெய்தார்கள்?

அறிவியல் வளராத காலம் என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். 2017க்கு என்ன சமாதானம்? வானத்தில் செயற்கைக்கோள் சுற்றிக்கொண்டிருந்தது. ஒக்கி, புயல் என்று அறிவிக்கப்பட்டது நவம்பர் 30ம் தேதி பகலில். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் அதற்குப் பல நாட்கள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். கரையில் ஒட்டிய நோட்டீஸ் நடுக்கடலில் எப்படித் தெரியும்? செல்போன் எட்டாது, படகிலிருந்த வயர்லெஸ் கரைவரை கேட்காது. தமிழகத்திலும் கேரளத்திலும் சேர்த்து 200க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. காற்று தள்ளிக்கொண்டு போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் லட்சத்தீவுகளில் கரை ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவ மீனவர்கள். மினிக்காயிலும் கல்பேனியிலும் தென்னையும் படகும் சேதமாகிக் கிடந்த அதே வேளையில், தீவு மக்கள் அவர்களுக்குச் சோறும் துணியும் இடமும் கொடுத்தார்கள். எந்த ஜமாஅத், எந்தப் பங்கு என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒக்கிக்குப் பிறகுதான் ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி பற்றிய பேச்சு வலுத்தது. உயிர் போன பிறகு கருவி!

2024 டிசம்பரில் சாத்தனூர் அணையைத் திறந்தார்களே, தென்பெண்ணைக் கரையில் அது என்ன கதை? எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் ஊரிழந்தவர்கள். யார் பொய் சொன்னார்கள் என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. இருவரும் உண்மையே சொல்லியிருக்கலாம்! எச்சரிக்கை அலுவலகத்தைவிட்டுப் புறப்பட்டிருக்கும், குடிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள அந்த அரை மைலில்தான் ஏழை சாகிறான்.

"ரெட் அலர்ட்" என்று தொலைக்காட்சி அலறுகிறது. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பது அதன் பொருள். நம் தெருவில் உருது மட்டுமே பேசும் பெரியம்மாவுக்கு அது தெரியுமா? ஆற்றோரத்து இருளர் குடிசைக்குத் தெரியுமா? ஐந்து வேளை ஒலிக்கும் ஒலிபெருக்கி நம்மிடம் இருக்கிறது. மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும். அதில் தமிழிலும் உருதுவிலும் இரண்டு நிமிடம் சொல்வதற்கு யாருடைய அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்? மதரஸா கட்டடத்தில் மாடி இருக்கிறது, கழிவறை இருக்கிறது, நோன்புக் கஞ்சி காய்ச்சும் தேக்சா இருக்கிறது. புயல் இரவில் அதன் சாவி யாரிடம் இருக்கிறது? வாலிபர்களே, உங்கள் தெருவில் தானாக எழுந்து நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், எந்த வீட்டுக்குக் கர்ப்பிணி வந்திருக்கிறாள், எந்தச் சுவர் போன மழையிலேயே ஊறிப்போனது, இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதைச் சுவரில் எழுதிவைக்கப் பெயின்ட் டப்பா வாங்கக்கூட நிதி திரட்ட வேண்டுமா?

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்பது நமக்கு மறந்துவிட்டது. ராஜகிரிக் கோட்டையின் அடிவாரத்தில் களஞ்சியங்கள் நிற்கின்றன, போய்ப் பாருங்கள். சுற்றுலாக்காரன் படமெடுக்கிறான், நாம் ஆடு மேய்க்கிறோம். 1690 முதல் 1698 வரை முகலாயப் படைத்தளபதி சுல்பிகார் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தான். உள்ளேயிருந்தவர்கள் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்கள். வாளை மட்டும் வைத்தா பிடித்தார்கள்? சுனையில் தண்ணீர் இருந்தது, களஞ்சியத்தில் தானியம் இருந்தது. எதிரி வாசலுக்கு வந்த பிறகு லாரி பிடித்து அரிசி கொண்டுவந்தவர்கள் அல்ல அவர்கள்!

நமக்கு வேண்டிய களஞ்சியம் பைத்துல்மால். ஒவ்வொரு ஜமாஅத்திலும் பெயரளவுக்கு இருக்கிறது. புயலுக்குப் பிறகு துண்டை விரித்து வசூலிப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கடைக்காரரும் இப்போதிருந்தே மாதாமாதம் ஒரு தொகையைப் புயலுக்கென்று தனியாகப் போடட்டும். அது தானமாகப் போகவேண்டாம், அழகிய கடனாகப் போகட்டும். வட்டியில்லை, அபராதமில்லை, முதல் ஆறு மாதம் தவணையுமில்லை. கூரை போனவனுக்குத் தகர ஷீட், தள்ளுவண்டி போனவனுக்கு வண்டி, தையல் மெஷின் நனைந்து துருப்பிடித்தவளுக்கு மெஷின். வாங்குகிறவர் குங்குமம் வைத்தவரா, சிலுவை போட்டவரா, தொப்பி போட்டவரா என்ற கேள்வி கணக்குப் புத்தகத்தில் இடம்பெறக் கூடாது. ஆந்த்ரோத்துக்கு அன்று ஒரு ஆயிரம் ரூபாய் வட்டியில்லாமல் கொடுக்க நாதியிருந்திருந்தால் என்று இன்று உட்கார்ந்து பேசிப் பயனில்லை. சங்கராபரணிக் கரைக்குக் கொடுக்க நாதி உண்டா என்பதைத்தான் பேச வேண்டும்.

பணம் திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று வியாபாரிகள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சிலது வராது. வங்கியே தொழிலதிபர்களிடம் கோடிக்கணக்கில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது, அதைப்பற்றி யாரும் பஞ்சாயத்து கூட்டுவதில்லை. தள்ளுவண்டிக்காரன் பெரும்பாலும் கட்டிவிடுவான், தெருவில் முகம்காட்டிப் பிழைக்கிறவன் அவன். வராததை ஜகாத்திலிருந்து தீர்க்க வழியிருக்கிறது. கடனில் மூழ்கியவனுக்கு அதில் பங்கு உண்டு என்பதை எந்த ஆலிமிடம் கேட்டாலும் சொல்வார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பு வரும் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பைத்துல்மாலில் புயலுக்கென்று இன்றைய தேதியில் எத்தனை ரூபாய் இருக்கிறது?" நிர்வாகி தொகையைச் சொல்லும்வரை உட்காராதீர்கள்.